இடமில்லாத பானெட்டுக்குள் இறுகிப்போன ஸ்பார்க் பிளக்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வி8 என்ஜின் கொண்ட பிக்-அப் டிரக்கின் பானெட்டைத் திறந்தால் முன்பக்கத்து பிளக்குகள் நேராகவே கைக்கு எட்டும். பின்னால் இருப்பவை ஃபயர்வாலுக்கு (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) அடியில், ஹீட்டர் குழாய்க்கும் ஒயர் கட்டுக்கும் பின்னே ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே போய் பிளக்கும் இறுகிக் கிடந்தால் வேலை தெரிந்தவர்களுக்கே பொறுமை போய்விடுகிறது. பிளக் திருகப்படும் சிலிண்டர் ஹெட்டின் மரை பாழாவது பெரும்பாலும் அந்தப் பொறுமை போன பத்து விநாடியில்தான்.

பிளக் கழலும்போது கையில் தெரியும் இறுக்கமும் காதில் கேட்கும் ஒலியும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். அதனால்தான் இதை வரிசைப்படி செய்முறையாக எழுதாமல், நீங்கள் பார்க்கும் அறிகுறியை வைத்து எழுதுகிறேன். உங்கள் பிளக் எந்த நிலையில் நிற்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

இது பெட்ரோல், சிஎன்ஜி, எல்பிஜி என்ஜின்களுக்கு உரியது. டீசல் டிரக்கில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் இருக்கும் குளோ பிளக்கும் இதே மாதிரி கரி பிடித்து இறுகும்தான். ஆனால் அது மெல்லியது, இதைவிடக் குறைந்த பலத்திலேயே முறிந்துவிடும். ஆகவே இங்கே சொல்லும் பல அளவுகளை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தொடங்கும் முன்

என்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும், ஓர் இரவு விட்டால் நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். தேவையான கருவிகள்: 3/8 அங்குல ராட்செட், உங்கள் பிளக்குக்கு ஏற்ற சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ. அல்லது 21 மி.மீ., சில புதிய என்ஜின்களில் மெல்லிய சுவர் கொண்ட 14 மி.மீ.), 75, 150, 250 மி.மீ. நீளத்தில் எக்ஸ்டென்ஷன்கள், ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்து கொடுக்கும் இணைப்பு), தலையில் மாட்டும் விளக்கு, சிறிய கண்ணாடி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் கருவி), பிளக்கின் மேல்முனையில் இறுக்கமாக உட்காரும் ஒரு முழம் ரப்பர் குழாய். கடைசியாகச் சொன்ன ரப்பர் குழாயைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், அதன் அருமை பின்னால் தெரியும்.

காயில் அல்லது ரப்பர் கேப் வர மறுக்கிறது

பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில், அதன் மேல் ரப்பரோடு உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் சூடு தாங்கிய அந்த ரப்பர், பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நேராக மேலே இழுத்தால் கேப் பாதியில் கிழிந்து, கீழ்ப்பாதி பிளக் இருக்கும் குழிக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் இடமும் வலமுமாகத் திருகுங்கள். ஒட்டு விட்டதும் லேசாக ஒரு சுழற்சி தெரியும், அதற்கப்புறம் இழுத்தால் போதும். காயிலின் கனெக்டரில் உள்ள பிளாஸ்டிக் பூட்டு நாக்கும் சூட்டில் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். அதை அழுத்தும் முன் கனெக்டரைக் காயில் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினால் நாக்கின் மீதுள்ள இறுக்கம் குறைந்து, உடையாமல் திறக்கும்.

எந்தக் காயில் எந்த சிலிண்டருடையது என்று எண் எழுதி வையுங்கள். கடைசியில் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போவது) வந்தால் தேடுவதற்கு அதுதான் துணை.

கையும் கருவியும் போகவில்லை, சாக்கெட் பிளக்கில் உட்காரவில்லை

இடம் இல்லாதபோது முதலில் தோன்றுவது, கிடைத்த கோணத்தில் கருவியைச் செருகுவதுதான். அங்கேதான் பீங்கான் விரிசல் விடுகிறது. சாக்கெட் பிளக்கின் அச்சுக்கு நேராக நிற்க வேண்டும். வளைவு எல்லாம் குழிக்கு வெளியே, எக்ஸ்டென்ஷனின் மேல்முனையில் இருக்கட்டும். யுனிவர்சல் ஜாயிண்டை சாக்கெட்டுக்கு அடுத்து வைத்தால், பலம் கொடுக்கும்போது அது மடிந்து பிளக்கைப் பக்கவாட்டில் நெம்பும்.

நீளமான எக்ஸ்டென்ஷன் மேலே இடித்தால், சாக்கெட்டையும் சிறிய எக்ஸ்டென்ஷனையும் முதலில் குழிக்குள் இறக்கிவிட்டு, அடுத்த துண்டை உள்ளே வைத்தே மாட்டுங்கள். வெளியே எடுக்கும்போது துண்டுகள் பிரிந்து சாக்கெட் குழியிலேயே தங்கிவிடாதபடி இணைப்புகளில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

மேலிருந்து வழியே இல்லை என்றால் பக்கத்திலிருந்து பாருங்கள். பல டிரக்குகளில் முன்சக்கரத்தைக் கழற்றி, உள்பக்க ஃபெண்டர் லைனரை விலக்கினால், மேலே இருந்து தெரியாத பிளக் கண்ணெதிரே வரும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். வேன் வகை வண்டிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உள்ள என்ஜின் மூடியைத் திறந்து உள்ளிருந்தே பின் சிலிண்டர்களை அடையலாம். சில வி6 என்ஜின்களில் மேல் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாமல் பின்வரிசைக்குப் போக முடியாது. ஒரு மணி நேரம் கூடுதலாகும்தான், ஆனாலும் இடைவெளியில் கையை முறுக்கி அரை நாள் போராடுவதைவிட அதுவே நல்லது. கழற்றியதும் திறந்திருக்கும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்.

குழிக்குள் எண்ணெய், தண்ணீர் அல்லது மண்

குழியில் கிடப்பதெல்லாம் பிளக் கழன்ற நொடியில் சிலிண்டருக்குள் விழும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள். பிளக்கை அரைச் சுற்று தளர்த்திய பிறகு இன்னொரு முறை ஊதுங்கள், இறுகலில் ஒட்டியிருந்த துகள் அப்போதுதான் வெளியேறும். எண்ணெய் நின்றால் வால்வு கவரில் உள்ள குழாய் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு பிளக்கை மட்டும் மாற்றினால் புது காயிலின் ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும்.

சாக்கெட் உட்கார்ந்தது, பிளக் அசையவே இல்லை

முதலில் இறுக்கும் திசையில் மிக லேசாக ஒரு தள்ளு கொடுங்கள். மரையில் ஒட்டிய துரு அங்கே விடுவது உண்டு. பிறகு கழற்றும் திசையில், ஒரு கையால் ராட்செட்டின் தலையை சாக்கெட்டின் அச்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சீராகப் பலம் கொடுங்கள். தலையைப் பிடிக்கும் அந்தக் கை முக்கியமானது. அது இல்லாவிட்டால் கொடுக்கும் பலத்தில் பாதி, பிளக்கைச் சாய்ப்பதற்கே போகும்.

அசையவில்லையா? நிறுத்துங்கள். கைப்பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கும் யோசனை இங்கே வேண்டாம். துரு இளக்கும் ஸ்பிரேயை பிளக்கின் அறுகோணத்தைச் சுற்றி ஊற்றி, சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். வாஷர் வைத்த பிளக்கில் எண்ணெய் முதலில் வாஷரைத் தாண்டித்தான் மரைக்கு இறங்க வேண்டும், அதனால் பத்து நிமிடத்தில் பலன் தெரியாது.

சூடாக்கினால் கழலுமா என்று பலரும் கேட்பார்கள். அலுமினியம், எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். ஆகவே சூட்டில் ஹெட்டின் துளை பிளக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு? 14 மி.மீ. துளையில் 60 டிகிரி செல்சியஸ் கூடினால் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காகக் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில், இடமே இல்லாத இடத்தில் கையை விட வேண்டியிருக்கும். அலுமினிய ஹெட்டில் ஆறிய என்ஜினிலேயே கழற்றும்படிதான் பொதுவாகக் கையேடுகளும் சொல்கின்றன. என் முறை இதுதான்: குளிர்ந்த நிலையில் முயற்சி, ஓர் இரவு ஊறல், மீண்டும் குளிர்ந்த நிலையில் முயற்சி. இரண்டும் பலிக்கவில்லை என்றால் மட்டும் ஊற்றிய எண்ணெயை ஊதி எடுத்துவிட்டு, காயில்களை மாட்டி என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, தொட்டால் பொறுக்கக்கூடிய வெதுவெதுப்பில் மூன்றாவது முயற்சி.

கால் சுற்று கழன்றது, பிறகு கிறீச்சென்று இறுகுகிறது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பிளக் முதலில் ‘டக்’ என்று விட்டதும் மனம் குளிர்ந்துவிடும். அடுத்த அரைச் சுற்றில் இறுக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடும், ஈரக் கண்ணாடியை விரலால் தேய்ப்பது போன்ற ஒலி வரும். பிளக்கின் கீழ் நுனியில், எரியறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரையில் கரி படிந்திருக்கிறது. பிளக் மேலே வர வர அந்தக் கரி ஹெட்டின் மென்மையான அலுமினிய மரைக்குள் இழுத்து வரப்படுகிறது. நீங்கள் பலம் கொடுக்கும் ஒவ்வொரு பாகையிலும் அது அலுமினியத்தை உழுதுகொண்டே வரும்.

ஒலி கேட்டதும் திரும்புங்கள். முன்பு சுலபமாக இருந்த இடம் வரை இறுக்கும் திசையில் கொண்டுபோங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயையோ கார்புரேட்டர் கிளீனரையோ குழிக்குள் ஊற்றிக் காத்திருங்கள். இப்போது வாஷர் விலகியிருப்பதால் திரவம் நேராக மரைக்குள் இறங்கும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து எட்டில் ஒரு சுற்று வெளியே, அதே அளவு உள்ளே. மீண்டும் வெளியே, இந்த முறை ஒரு மயிரிழை கூடுதலாக. போன தடவை எங்கே இறுகியதோ அந்த இடம் இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் முன்னேறுகிறீர்கள். ஒரே இடத்தில் நின்றால் இன்னும் திரவம், இன்னும் நேரம். ஒரு பிளக்குக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

ஒருமுறை ஏழு பிளக்குகளை இப்படிப் பொறுமையாக எடுத்துவிட்டு, இருட்டும் நேரத்தில் எட்டாவதை ஒரே இழுப்பில் எடுத்தேன். பிளக் வந்தது, அதன் மரையில் வெள்ளிக் கம்பிபோல ஹெட்டின் மரையும் சுற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு நிமிடத்தைச் சரிசெய்ய அடுத்த நாள் முழுவதும் போயிற்று. அதனால் சொல்கிறேன், களைத்துவிட்டால் கடைசி பிளக்கை நாளைக்கு வையுங்கள்.

கரி இறுகல் என்றாலே பேசப்படும் என்ஜின் ஒன்று உண்டு. ஃபோர்டின் 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8, சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட வகை. 2004 முதல் 2008 வரை வந்த வண்டிகளில் பிளக்கின் மரைக்குக் கீழே நீண்ட மெல்லிய உறை ஒன்று இருந்தது. அது தனியாகச் செய்து பொருத்தப்பட்ட துண்டு. உறைக்கும் ஹெட்டுக்கும் இடையே கரி நிரம்பி இறுகியதால், பிளக்கைத் திருப்பும்போது மேல்பாகம் மட்டும் கையோடு வந்து உறை உள்ளேயே தங்கியது. இதற்காக ஃபோர்டு தந்த முறையும் ஏறக்குறைய மேலே சொன்னதுதான்: ஆறிய என்ஜின், எட்டில் ஒன்று முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்தல், கார்புரேட்டர் கிளீனரை ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் காத்திருத்தல், பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்புதல். இந்த என்ஜின் உங்களிடம் இருந்தால், உடைந்த உறையை எடுப்பதற்கென்றே விற்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஊற்றிய திரவத்தை மறந்துவிடக் கூடாது. அது சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அப்படியே புது பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். எல்லா பிளக்குகளும் வெளியே இருக்கும்போது, எரிபொருள் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். உள்ளே நின்றதெல்லாம் துளை வழியே பீய்ச்சி வெளியே வரும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். கிளீனர் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அருகில் தீப்பொறி எதுவும் கூடாது.

பீங்கான் உடைந்துவிட்டது

வெள்ளைப் பீங்கான் மட்டும் மேலே ஒடிந்து அறுகோணம் முழுதாக இருந்தால் பதற வேண்டாம். பிளக்கைக் கழற்றும் முன், வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய குழாயை டேப்பால் ஒட்டி, குழியில் கிடக்கும் சில்லுகளை எடுத்துவிடுங்கள். கிளீனர் திரவம் ஊற்றியிருந்தால் அது முழுக்க உலர்ந்த பிறகே வாக்குவத்தை இயக்குங்கள். இந்தப் பீங்கான் அலுமினா வகை, சிலிண்டர் சுவரைக் கீறும் அளவுக்குக் கடினமானது. பிறகு நீளமான சாக்கெட்டால் வழக்கம்போலக் கழற்றலாம்.

அறுகோணமே முறிந்து மரைப் பகுதி ஹெட்டில் தங்கினால், நடுவில் உள்ள பீங்கானை மேற்பக்கமாக எடுத்துவிட்டு, உள்சுவரைப் பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டரைச் செருகித் திருப்ப வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்து அதை உள்ளே இறக்கினால் மரை உறை விரிந்து இன்னும் இறுகும், தட்டினால் போதும். இடமே இல்லாத பின் சிலிண்டரில் இது நடந்தால், அனுபவம் உள்ளவரிடம் ஒப்படைப்பதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பிளக்கோடு ஹெட்டின் மரையும் வந்துவிட்டது

இதற்குத் தீர்வு உண்டு. துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உலோக உள்ளுறை ஒன்றைப் பொருத்துவார்கள். கம்பிச்சுருள் வகையும் உண்டு, திடமான குழல் போன்ற புஷ் வகையும் உண்டு. பிளக் துளைக்கு நான் புஷ் வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். சுருள் வகை அடுத்த முறை பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும். மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டால் சீவல்கள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் கீழே இருக்கும் நிலையில் வேலை செய்து, சில சுற்றுக்கு ஒருமுறை கருவியை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும்.

புது பிளக் மரையில் ஏற மறுக்கிறது

இங்கேதான் அந்த ரப்பர் குழாய். பிளக்கின் மேல்முனையைக் குழாயில் செருகி, குழிக்குள் இறக்கி, குழாயின் மறுமுனையை விரலால் சுழற்றுங்கள். முதலில் கழற்றும் திசையில் சுழற்றினால், மரையின் தொடக்கம் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் பிளக் ஒரு மெல்லிய ‘டிக்’குடன் கீழே இறங்கும். அங்கிருந்து இறுக்கும் திசைக்கு மாறுங்கள். மரை மாறி ஏறினால் குழாய் பிளக்கின் மீது வழுக்கிவிடும். உலோகக் கருவி அப்படி வழுக்காது, தப்பான மரையையும் வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பின் சிலிண்டரில் இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

ஐந்தாறு சுற்று விரலாலேயே ஏறிவிட வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே நின்றால் எடுத்துப் பாருங்கள். பழைய கரி மரையில் இருந்தால், மரை சுத்தம் செய்யும் கருவியை கிரீஸ் தடவி ஒருமுறை ஓட்டி எடுங்கள். பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரையின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் ஹெட்டின் கீழ் மரையில் கரி படிந்து அடுத்த முறை இதே போராட்டம்தான்.

இரிடியம் பிளக்கின் இடைவெளியைச் சரிபார்க்கும்போது நாணய வடிவ அளவுகோலை நுனியில் திணிக்காதீர்கள், அந்த மெல்லிய நுனி ஒடிந்துவிடும். கம்பி அளவுகோல் போதும்.

எவ்வளவு இறுக்குவது

உங்கள் என்ஜினின் கையேடு சொல்லும் அளவே முடிவானது. பொதுவாக, அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. வாஷர் இல்லாத, கூம்பு இருக்கை கொண்ட 14 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 20. டார்க் ரெஞ்ச் நுழையவே இடமில்லை என்றால் கோணத்தை நம்பலாம்: விரலால் உட்காரவைத்த பிறகு, புது வாஷர் கொண்ட 14 மி.மீ. பிளக்குக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு சுற்று மட்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் கூம்பு பிளக் ஹெட்டோடு ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும்.

என்ஜின் சூடாக இருக்கும்போது இறுக்கவே கூடாது. விரிந்த துளையில் இறுக்கினால், ஆறியதும் ஹெட் பிளக்கைக் கவ்விக்கொள்ளும்.

மரையில் ஆன்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) தடவலாமா என்பதில் எப்போதும் வாக்குவாதம் உண்டு. இன்றைய பிளக்குகளின் உடம்பில் உலோகப் பூச்சு இருப்பதால் தேவையில்லை என்றே பிளக் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், நானும் தடவுவதில்லை. அது மரையை வழுக்கவைப்பதால், ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும்போதே பிளக் அதிகமாக இறுகியிருக்கும். மேலே சொன்ன 5.4 லிட்டர் ட்ரைட்டன் விதிவிலக்கு. அதில் நிக்கல் பசையை மரைக்குக் கீழுள்ள உறையில் மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும். காயில் ரப்பரின் உள்வாயில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் எல்லா வண்டிக்கும் நல்லது, அடுத்த முறை அது ஒட்டாமல் வரும்.

எல்லாம் மாட்டியாயிற்று, வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டெரித்துவிடும். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0308 என்றால் எட்டாவது. பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. புது பிளக்கைச் சந்தேகிக்கும் முன் அந்தக் காயிலின் கனெக்டர் ‘க்ளிக்’ என்று பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லாத பின் சிலிண்டரில் பாதி செருகிய கனெக்டர்தான் பெரும்பாலும் காரணம். அது சரியாக இருந்தால், எண் எழுதிய காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். பிழையும் கூடவே நகர்ந்தால் காயில், அங்கேயே நின்றால் பெரும்பாலும் பிளக். அந்த பிளக்கை எடுத்துப் பார்க்கும்போது பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருப்புக் கோடு இருந்தால் மின்சாரம் வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது, ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும். உலோக உடம்புக்குச் சற்று மேலே பழுப்பு வளையம் மட்டும் இருந்தால் அது வழக்கமாகப் படியும் கறைதான், பிளக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

மிஸ்ஸிங் இல்லை, ஆனால் ‘டிக் டிக்’ என்று காற்று கசியும் ஒலி

என்ஜின் வேகத்தோடு கூடிக் குறைந்து, குழியிலிருந்து வந்தால் அது சரியாக உட்காராத பிளக். தளர்ந்த பிளக் மரையைத் தட்டித் தட்டிப் பாழாக்கும், சில என்ஜின்களில் வெளியே பறந்தும் விடும். மரைச் சுற்றுகள் மிகக் குறைவாக இருந்த பழைய இரண்டு வால்வு ட்ரைட்டன் இதற்குப் பெயர்போனது. ஓட்டிப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். முழுக்க ஆறவிட்டு, காயிலை எடுத்து, பிளக்கை வெளியே கொண்டுவந்து இருக்கையில் கரித்துகள் சிக்கியிருக்கிறதா, பழைய வாஷரும் உள்ளே தங்கி இரண்டு வாஷர் ஆகிவிட்டதா என்று பாருங்கள். துடைத்துவிட்டு ரப்பர் குழாயால் மறுபடி ஏற்றுங்கள். ஏற்கெனவே நசுங்கிய வாஷர் என்றால் விரல் இறுக்கத்துக்கு மேல் பன்னிரண்டில் ஒரு சுற்று போதும்.